முள்ளைப் படிக்கத் தெரிந்தவர்கள்

ஏர் ரெகுலேட்டர் சரியில்லை என்று கூப்பிட்டால், தேர்ந்த ஃபிட்டர் வந்தவுடன் குமிழைத் தொடமாட்டார். கேஜுக்கு நேர் எதிரே நின்று முள்ளைப் பார்ப்பார். மெஷின் காற்றை இழுக்கும்போது ஒரு தடவை, மெஷின் நின்றிருக்கும்போது ஒரு தடவை. கோவை வட்டார நூற்பாலைகளில் இப்படிப்பட்டவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அது எனக்கு ஒருபோதும் அலுத்ததில்லை. காற்று கண்ணுக்குத் தெரியாது. அது எங்கே தடைபடுகிறது, எங்கே கசிகிறது என்பதை ஒரு முள்ளின் அசைவை மட்டும் வைத்து ஊகித்துச் சொல்வது உயர்ந்த கலை.

அந்தக் கலையை ரசிக்க ரெகுலேட்டரின் உட்புறம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். மேலே ஒரு ஸ்பிரிங், நடுவில் ரப்பர் டயாஃப்ரம், கீழே சின்ன வால்வு. குமிழைத் திருகினால் ஸ்பிரிங் அமுங்கி டயாஃப்ரத்தைத் தள்ளும். வால்வு திறந்து காற்று மறுபக்கம் போகும். அப்படிப் போன காற்றே டயாஃப்ரத்தைக் கீழிருந்து திருப்பித் தள்ளும். இரண்டு விசையும் சமமானதும் வால்வு மூடிக்கொள்ளும். மெஷின் காற்றைக் குடித்து அழுத்தம் இறங்கினால் ஸ்பிரிங்கின் கை ஓங்கும். வால்வு தேவையான அளவுக்கு மட்டும் திறக்கும். இதற்கு மின்சாரமும் வேண்டாம், சென்சாரும் வேண்டாம்.

இதன் அருமை, நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனரில் தெரியும். காப்பிலிருந்து கோனுக்கு நூல் ஏறும்போது தடித்த இடமோ மெலிந்த இடமோ வந்தால் கிளியரர் அதை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட இரு முனைகளையும் முடிச்சுப் போடாமல் இணைப்பது ஸ்பிளைசர். காற்று முதலில் முனைகளின் முறுக்கைப் பிரிக்கும். அடுத்த வீச்சில் இழைகளை ஒன்றோடொன்று பின்னிவிடும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அழுத்தம் குறைந்தால் இணைப்பு இளகி, பின்னால் தறியில் அறுந்துபோகும். கூடினால் இழைகள் சிதறி, அந்த இடம் மெலிந்துபோகும். நூலின் தரம் கைக்குள் அடங்கும் ஒரு ரெகுலேட்டரை நம்பி நிற்கிறது.

முள் இரண்டு விதமாகப் பேசும். மெஷின் நின்றிருக்கும்போது 6 கிலோ அழுத்தத்தில் இருந்த முள் காற்று ஓடியதும் சரிகிறதா? ஓரளவு சரிவது இயல்புதான். வால்வு அதிகம் திறக்கும்போது ஸ்பிரிங் நீண்டு அதன் விசை குறையும். சரிவு அளவுக்கு மீறினால் நல்ல ஃபிட்டரின் கண் உடனே ரெகுலேட்டருக்கு முன்னால் போகும். ஃபில்டர் அடைத்திருக்கலாம். மெயின் லைனிலேயே அழுத்தம் குறைந்திருக்கலாம். உள்ளே வருவது 5 கிலோ என்றால் எந்த ரெகுலேட்டராலும் 6 கிலோ கொடுக்க முடியாது. அதற்குக் குறைக்கத் தெரியும், கூட்டத் தெரியாது. இதை மறந்து குமிழை மேலும் மேலும் திருகுகிறவர்கள்தான் அதிகம்.

மற்றொன்று நேர் எதிர். மெஷினை நிறுத்திய பிறகு முள் மெல்ல மெல்ல ஏறும். வால்வு உட்காரும் இடத்தில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் பழைய ஜி.ஐ. குழாயிலிருந்து உதிர்ந்த துருத் துணுக்காக இருக்கும். வால்வு முழுதாக மூடாமல் காற்று கசிந்து மறுபக்கத்தில் சேர்ந்துகொண்டே போகும்.

எனக்கு மிகவும் பிடித்தது ரெகுலேட்டரின் மூடியில் உள்ள சின்னத் துளையை வைத்துச் செய்யும் சோதனை. கூடுதல் அழுத்தத்தை வெளியே விடும் வகை ரெகுலேட்டரில் அந்தத் துளை வழியே விடாமல் காற்று வந்தால் முக்கியமாக இரண்டைச் சந்தேகிக்கலாம்: டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது வால்வு மூடாமல் இருக்கலாம். கோனிங் ஹாலின் இரைச்சலில் காது உதவாது. ஃபிட்டர் விரலை ஈரமாக்கித் துளையருகே வைப்பார். குமிழை முழுக்கத் தளர்த்துவார். ஸ்பிரிங்கின் விசை போனதும் வால்வு மூடியாக வேண்டும். அப்போதும் விரலில் காற்று பட்டால் குற்றவாளி வால்வு. நின்றுபோய், மறுபடி குமிழை இறுக்கியதும் காற்று வந்தால் டயாஃப்ரம். ரெகுலேட்டரைக் கழற்றாமல், ஒரு திருகாணியைக்கூடத் தளர்த்தாமல், உள்ளே எது பழுது என்று தெரிந்துவிடுகிறது.

மாற்றுவதென்று முடிவானால் அதிலும் கைப்பக்குவம் உண்டு. ரெகுலேட்டருக்கு முன்னுள்ள லைன் வால்வை மூடிப் பூட்டி, லைனில் மிச்சமிருக்கும் காற்றை வடித்த பிறகுதான் ஸ்பானர் ஏறும். முள் பூஜ்யத்துக்கு வராவிட்டால் கேஜே பொய் சொல்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அரை அங்குல மரையில் பி.எஸ்.பி., என்.பி.டி. இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான். ஒன்றில் இன்னொன்று ஏறுவதுபோல் இருக்கும். ஆனால் ஒன்றின் கோணம் 55 டிகிரி, மற்றதன் கோணம் 60. எவ்வளவு இறுக்கினாலும் கசியும். டெஃப்லான் டேப் சுற்றும்போது முனையில் இரண்டு மரையை வெறுமையாக விடுவார்கள். இல்லாவிட்டால் பிய்ந்த டேப் துணுக்கு உள்ளே போய்ப் புது வால்விலேயே உட்கார்ந்துவிடும். உடலில் உள்ள அம்புக்குறி காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும். 2 கிலோ தேவைப்படும் இடத்தில் 10 கிலோ ஸ்பிரிங் உள்ளதைப் போட்டால் நுணுக்கமாக வைக்க முடியாது. ஃபில்டரின் பாலிகார்பனேட் கிண்ணத்தைத் தின்னரில் கழுவினால் வெடித்துவிடும். சோப்புத் தண்ணீர்தான் அதற்கு ஏற்றது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பழையதைக் கெடுத்த துருவும் தண்ணீரும் லைனில் இருக்கும்வரை புதியதும் பிழைக்காது. நல்ல ஃபிட்டர் பொருத்துமுன் லைனை ஊதிச் சுத்தம் செய்து, ஃபில்டரின் தண்ணீரை வடித்துவிடுவார். குமிழைத் தளர்த்தி வைத்து, காற்றை மெதுவாக விடுவார். அழுத்தம் வைக்கும்போது எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றித்தான் நிறுத்துவார். 6.5 வரை போய்விட்டால் அதிலிருந்து இறக்கி 6-இல் விடமாட்டார். 6-க்குக் கீழே கொண்டுபோய் மறுபடி ஏற்றுவார். உள்ளே உராய்வு இருப்பதால் இறக்கி வைத்த அளவு நிலைத்து நிற்காது.

இந்தப் பொறுமைக்குப் பணமதிப்பும் உண்டு. கம்ப்ரஸர் அழுத்தத்தை 1 கிலோ கூட்டினால் மின்செலவு ஏறக்குறைய 7 சதவீதம் ஏறும். கசிவுகளும் கூடுதலாகக் கசியும். அடைத்த ஃபில்டரைப் பார்க்காமல் "பிரஷரைக் கூட்டு" என்று சொல்லிவிடுவது சுலபம். அதன் விலை மாதாமாதம் மின்கட்டணத்தில் வரும்.

ஆலைப் பதிவேட்டில் மாற்றிய உதிரிபாகம் மட்டும்தான் ஏறுகிறது. ஃபில்டரைச் சுத்தம் செய்து பழைய ரெகுலேட்டரையே ஓட வைத்த ஃபிட்டரின் வேலைக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. என்னைக் கேட்டால் அதுதான் இந்தத் தொழிலின் உச்சம். ஐ.டி.ஐ. முடித்து வரும் பிள்ளைகளிடம் ஸ்பானர் கொடுப்பதற்கு முன்னால், அப்படி ஒரு மூத்த ஃபிட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஷிஃப்ட் முழுக்க நிற்கவைத்து முள்ளைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கழற்றி மாட்டுவதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். கழற்ற வேண்டுமா என்று முடிவு செய்யும் கண் அந்த மூத்தவர்களிடமிருந்துதான் வர வேண்டும்.