உப்புக்கு அடிக்குறிப்பு எங்கே?

பல்கலைக்கழக ஆண்டறிக்கை எதையாவது புரட்டியிருக்கிறீர்களா? நான் பி.காம். படித்தவன். எந்த அறிக்கையைப் பார்த்தாலும் பேரேட்டுப் புத்தி வந்துவிடும். இத்தனை கட்டுரை, இத்தனை கருத்தரங்கு, இத்தனை டாக்டர் பட்டம். கூட்டினால் கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் தொ.பரமசிவனை எந்தப் பத்தியில் பற்று வைப்பது?

பாளையங்கோட்டைக்காரர். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறைத் தலைவராக இருந்து 2008-ல் ஓய்வு பெற்றவர். அவருடைய ‘அறியப்படாத தமிழகம்’ (1997) புத்தகத்தைப் போன வாரம் மூன்றாம் முறையாகப் படித்தேன். உப்பு என்று ஆரம்பிப்பார். தேங்காய், எண்ணெய், உரல், உலக்கை... நம் வீட்டு அடுப்படிச் சாமான்கள்தான். ரெண்டு மூணு பக்கத்துக்குள் சடங்கு, சாதி, கூலி என்று எங்கேயோ கொண்டு போய் விட்டுவிடுவார். படித்து முடித்து சாப்பிட உட்கார்ந்தால் இலையோரத்து உப்பைப் பார்க்கிற பார்வையே மாறிப்போகிறது. லேசுப்பட்ட காரியமில்லை சார் இது!

குறையும் அங்கேதான். ‘சம்பளம்’ என்ற சொல்லில் சம்பா நெல்லும் உப்பளமும் இருக்கிறது என்கிறார். கேட்க ஜோராக இருக்கிறது. ஆதாரம்? பல இடங்களில் நம்மை நம்பச் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறார். செய்யத் தெரியாதவர் அல்ல. ‘அழகர் கோயில்’ அவருடைய டாக்டர் பட்ட ஆய்வு. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-ல் வெளியிட்டது. கள்ளர், இடையர், வலையர் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் அந்தக் கோயிலோடு என்ன உறவு என்பதை அலைந்து திரிந்து, சான்றோடு எழுதியிருப்பார். அந்தக் கறார் பின்னால் வந்த சிறு கட்டுரைகளில் தளர்ந்துவிட்டது. வாசகர் கூடினார், அடிக்குறிப்பு குறைந்தது. எனக்கு ரெண்டும் வேணும்.

பல்கலைக்கழகத்தின் பெயருக்கு உரியவரே ஒரு துறைக்குள் அடங்காத ஆள்தான். சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். நாடகம் எழுதினார் (‘மனோன்மணீயம்’, 1891). கல்வெட்டு படித்து திருவிதாங்கூர் மன்னர்களின் காலத்தையும் ஆராய்ந்தார்.

தொ.ப. 2020 டிசம்பரில் காலமானார். எழுதியதைவிடப் பேசியது அதிகம் என்பார்கள். விட்டுப்போன ஆதாரங்களில் பாதி அந்தப் பேச்சில் இருக்கலாம். நெல்லைப் பக்கத்து மாணவர்கள் யாராவது அந்த நாளில் டேப்ரிக்கார்டரோடு போயிருந்தால், பரண் மேலிருந்து அந்தக் கேசட்டுகளைக் கொஞ்சம் இறக்குங்களேன்.