மண்கல்லில் பதிந்த விரல்கள்

பலுசிஸ்தானத்து மலைகளினூடே வரும் போலன் கணவாய், கச்சிச் சமவெளியைத் தொடும் இடத்தில் இருக்கிறது மெஹர்கர். ழான் பிரான்சுவா ஜாரிஜ், கேத்தரின் ஜாரிஜ் தலைமையிலான தொல்லியல் குழு 1974-இல் கண்டறிந்த ஊர். ஏழாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தையது. காட்டில் தேடித் தின்ற மனிதர் ஓரிடத்தில் குடியமர்ந்து உழவரான கதையைச் சொல்ல, தெற்காசியாவில் இதைவிட அழகிய இடம் எனக்குத் தெரியாது. அந்தக் கதையை முழுதாகச் சொல்லப் போவதில்லை. அங்குள்ள ஒரு மண்கல்லின் அருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம், வாருங்கள்.

சுடாத கல் அது, வெயிலில் காய்ந்தது. நீண்டு மெலிந்த உடல், மெல்லப் புடைத்த முதுகு. அந்த முதுகின் மேல் விரலால் அழுத்திய குழிகள். மேலே அப்பும் மண்சாந்து வழுக்காமல் பற்றிக்கொள்ள ஈரத்திலேயே செய்து வைத்த ஏற்பாடு. அடுத்த கல் மேலே ஏறியதும் இந்தக் குழிகள் மறைந்துவிடும். வீட்டில் வாழ்பவர்கூடப் பார்க்க வழியில்லை. பார்வைக்கு வராத இடத்தில் இத்தனை பொறுப்பு! சுவருக்குள் ஒளிந்திருக்கும் இந்த வரிசையை நினைக்கும்போதெல்லாம், ஈர மண்ணில் அழுந்திய அந்த விரலின் இதமான சூட்டை என் விரல் நுனியில் உணர்கிறேன்.

இன்னும் குனிந்து பாருங்கள். கல்லின் உடம்பில் நுண்ணிய பள்ளங்கள். மண் குழைத்தபோது கலந்த பதரும் தாளும் மக்கிப்போய்விட்டன. அவற்றின் வடிவம் மட்டும் அச்சுப்போல் தங்கிவிட்டது. தாவரத் தொல்லியலாளர் லொரென்சோ கொஸ்தாந்தினி இந்த அச்சுகளைப் படித்துத்தான் ஊரின் பயிர்களைச் சொன்னார். பெரும்பங்கு பார்லி, கூடவே பழைய கோதுமை வகைகள் சில. வீடு கட்டிய மண்ணே விளைச்சலுக்கும் சாட்சியாக நிற்பது எவ்வளவு பேரழகு!

அந்தப் பார்லிக் கதிரின் நடுத்தண்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. காட்டுப் பார்லியில் மணி முற்றியதும் தண்டு கணுக்கணுவாக உடைந்து மணிகள் உதிரும்; அதுவே தன்னை விதைத்துக்கொள்ளும் வழி. எங்கோ ஒரு செடியில் தண்டு உடையாமல் நிற்கும். காட்டுக்கு அது குறை. அறுக்க வருபவருக்கோ கைநிறைய நிற்கும் கொடை. உதிராத கதிர்களே அதிகம் வீடு வந்தன. வீடு வந்தவற்றிலிருந்தே விதை எடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக இது நடந்து, கை வரும்வரை காத்திருக்கும் கதிர் ஒன்று உருவாயிற்று. வேளாண்மையின் வரலாற்றில் இந்த மெல்லிய தண்டைவிட என்னை மயக்கியது வேறில்லை. அறுத்த அரிவாளும் அழகுதான்: சின்னஞ்சிறு கல் அலகுகளை நிலக்கீலில் சாய்வாகப் பதித்து ஒட்டியது.

எலும்புகளும் இதே நிதானத்தோடு பேசுகின்றன. கீழ் அடுக்குகளில் சிறுமானும் மற்றக் காட்டு விலங்குகளும் மிகுதி. மேலே வர வர ஆடும் மாடும் பெருகுகின்றன. மாடு என்றால் திமில் மாடு, நம் ஊர்க் காளைகளின் இனம்.

அந்த ஊரின் பற்களை விட்டுவிட்டு எப்படி நகர்வது? ஒன்பது பேரின் 11 கடைவாய்ப் பற்களில் துளையிட்டிருக்கிறார்கள். ஆய்வு 2006-இல் வெளியானது. மணி கோக்கத் துளையிடும் கலை அந்த ஊருக்குக் கைவந்தது. அதே போன்ற கல்முனைத் துரப்பணம் வாய்க்குள்ளும் போயிருக்க வேண்டும். துளைகளில் அகலமானதே மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான். ஒருவருக்கு மூன்று பற்களில் துளை. நெஞ்சைத் தொடுவது துளையின் விளிம்பு: தேய்ந்து வழவழப்பாகியிருக்கிறது. துளையிட்ட பிறகும் அவர்கள் உயிரோடிருந்து, அதே பல்லால் நெடுநாள் மென்று உண்டிருக்கிறார்கள். நடுங்காத ஒரு கை, நம்பித் திறந்த ஒரு வாய். இரண்டையும் அந்த விளிம்பு காட்டிவிடுகிறது.

சில கல்லறைகளில் இறந்தவரோடு வெள்ளாட்டுக் குட்டிகளையும் கிடத்தியிருக்கிறார்கள். ஒன்றில் ஐந்து குட்டிகள். அவர்களின் சங்கு அணிகள் தொலைவிலிருந்த கடலிலிருந்து வந்தவை.

இன்னொரு கல்லறையில் ஓர் ஆண். அவர் பாதத்தருகே ஒன்றிரண்டு வயதுக் குழந்தை. அவருடைய இடது மணிக்கட்டை ஒட்டி எட்டுச் செப்பு மணிகள், ஒருகாலத்தில் கங்கணமாக இருந்தவை. மணி ஒன்றின் துளைக்குள் கோத்த நூலின் மிச்சம் இருந்தது. நூல் பெரும்பாலும் மண்ணில் மக்கிப்போகும். இங்கே செம்பின் களிம்பு இழைகளுக்குள் ஊறி, அவற்றை அப்படியே கெட்டிப்படுத்திக் காத்துவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பருத்தி. உலகில் இதுவரை கிடைத்துள்ள மிகப் பழைய பருத்தி இழைகளுள் அதுவும் ஒன்று.