முகமூடி அறியாத ஒன்று: கோபோ ஆபேயின் ‘பிறன் முகம்’

‘பிறன் முகம்’ எனப் பொருள்படும் புதினத்தை ஜப்பானிய எழுத்தாளர் கோபோ ஆபே 1964-இல் வெளியிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1966-இல் வந்தது. அதே ஆண்டில் ஹிரோஷி தெஷிகஹாரா அதனைத் திரைப்படமாக்கினார். அன்று கற்பனையாயிருந்தது 2005-க்குப் பின்னர் மருத்துவமனைச் செய்தியாகிவிட்டமையால், இந்நூலை இன்று மீண்டும் படிப்பது தகும். மனிதன் தன் முகத்தை முற்றிலும் மாற்றிக்கொள்வானாயின், உண்மையில் மாறுவது யாது?

ஆய்வுக்கூட வெடிப்பொன்றில் முகம் சிதைந்து, முழுதும் தழும்பேறிய வேதியியல் அறிஞன் ஒருவன் இக்கதையைக் கூறுகிறான். கட்டுத்துணிக்குள் மறைந்து வாழும் அவன், முன்பின் அறியாத ஒருவனுக்குப் பணம் கொடுத்து அவன் முகத்தை அச்செடுத்து, உயிருள்ள தோலென மயங்கத்தக்க முகமூடியொன்றைச் செய்கிறான். அதனை அணிந்து அந்நியனாகத் தன் மனைவியையே அணுகி வெல்கிறான். வென்றதும், தன்னையே மாற்றானாகக் கருதிப் பொறாமையில் வேகிறான். இவையனைத்தையும் மூன்று குறிப்பேடுகளில் எழுதி அவள் படிக்குமாறு வைக்கிறான். அவளோ ஒரு மடலை மட்டும் விட்டுச் செல்கிறாள். வந்தவன் தன் கணவனே என்பதை முதற்கணமே அறிந்திருந்ததாகவும், இருவரும் அறிந்தே ஆடும் பரிவான நாடகம் அது என நம்பியதாகவும், குறிப்பேடுகளைப் படித்த பின்னரே அவன் தன்னைச் சோதித்துக்கொண்டிருந்ததை உணர்ந்ததாகவும் அதில் எழுதியிருக்கிறாள்.

சில பக்கங்களே உள்ள இம்மடல், முன்சென்ற குறிப்பேடுகள் அனைத்தையும் கவிழ்த்துவிடுகிறது. முகமூடியின் தொழில்நுட்பத்தில் குறையொன்றுமில்லை. தெருவில் எவரும் ஐயுறவில்லை. எனினும் இருவர் அவனை அறிந்துகொள்கின்றனர். ஒருத்தி அவன் மனைவி. மற்றவள், அவன் வாடகைக்கு எடுத்த குடியிருப்பின் காவலருடைய மகள். அறிவு வளர்ச்சி குன்றியவள் என்று பிறரால் ஒதுக்கப்பட்ட சிறுமி. கட்டுத்துணியோடு வந்தவனும் புதுமுகத்தோடு வந்தவனும் ஒருவனே என்பதில் அவளுக்கு ஐயமே எழவில்லை. முகம் என்பது மனிதரிடையே உள்ள வழி என்று பக்கம் பக்கமாக வாதிடும் அறிஞன், அவ்வழியைப் பூட்டிய அறைக்குள் தனியே அமர்ந்து செய்ய முற்பட்டான். அவன் பிழை அங்கேதான் இருக்கிறது.

இறையியல் மாணவருக்கு இது புதிய செய்தியன்று. முகத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லாகிய ‘பானீம்’ பன்மை வடிவம் உடையது. கிரேக்கத்தில் ‘புரோசோப்பொன்’ முகத்தையும் நடிகனின் முகமூடியையும் ஒருங்கே குறித்து, பின்னர் திருச்சபையின் திரித்துவச் சொல்லாடலில் ‘ஆள்’ என்னும் பொருளுக்கு உயர்ந்தது. பிறன் தோலை அணிந்து ஆசி பெற்ற யாக்கோபின் கதையை (ஆதி. 27) வஞ்சகத்தின் கதையாக மட்டுமே நாம் போதித்து வருகிறோம். ஈசாக்கு குரலை அறிந்தும் கையை நம்பினான். ஆசியைப் பெற்றவனோ வீட்டைவிட்டு ஓடவேண்டியதாயிற்று, பல்லாண்டுகளுக்குப் பின் தமையனின் முகத்தைத் தன் சொந்த முகத்தோடு எதிர்கொண்டபோதுதான் (ஆதி. 33) அவ்வோட்டம் நின்றது. ஆபேயின் நாயகனுக்கு அத்தகைய முப்பத்து மூன்றாம் அதிகாரம் இல்லை.

இனி, கற்பனை நடைமுறையான வரலாற்றுக்கு வருவோம். முகமாற்று அறுவையில் அவசரம் கூடாதென இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் அரச கல்லூரி 2003-இல் எச்சரித்தது. 2005 நவம்பரில் பிரான்சின் அமியான் நகரில், நாய் கடித்து முகத்தின் கீழ்ப்பகுதியை இழந்த இசபெல் தினுவார் என்னும் பெண்மணிக்கு, மூளை இறந்த வேறொரு பெண்ணின் மூக்கும் உதடுகளும் முகவாயும் பொருத்தப்பட்டன. முகத்தின் ஒரு பகுதியை இவ்வாறு மாற்றியது உலகில் அதுவே முதன்முறை. 2010-இல் ஸ்பெயினின் பார்சலோனாவில் முழு முகமும் மாற்றப்பட்டது. பெற்றவர் கொடையாளரின் சாயலை அப்படியே அடைவதில்லை. அடியிலுள்ள எலும்பு தம்முடையதாகையால், இருவருக்குமே உரியதல்லாத மூன்றாம் முகமொன்று உருவாகிறது. உடல் அதனைப் புறந்தள்ளாதிருக்க வாழ்நாள் முழுதும் மருந்து உண்ணவேண்டும். அம்மருந்து நோயெதிர்ப்பைக் குன்றச் செய்து புற்றுநோய்க்கும் வழிவிடும். தினுவார் 2016-இல் காலமானார். உண்ணவும் பேசவும் தெருவில் நடக்கவும் வேண்டியே அவர் இவ்விடரை ஏற்றார். மறைந்து நின்று பிறரைப் பார்ப்பதற்காக அன்று. இவ்வேறுபாட்டை நாம் விட்டுவிடலாகாது.

இங்கு வேலூரையும் நினையாதிருக்க இயலாது. 1946-இல் அங்கு வந்த பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிய கைகளைச் சீராக்கியவர் என்பதை யாவரும் அறிவர். அவர் தட்டையாகிப்போன மூக்குகளை நிமிர்த்தியதும், உச்சித்தோலின் துண்டைக்கொண்டு புருவங்கள் அமைத்ததும் அத்துணை பேசப்படுவதில்லை. நோய் நீங்கிய பின்னும் புருவமற்ற முகத்தைக் கண்டவுடன் ஊர் கதவடைத்தது. எனவே முகத்தைத் திருத்துவதே வீண்பெருமை என்று மேடையில் முழங்குவோர் சற்று நிதானிக்கவேண்டும். ஆயினும் அங்கே நோயுற்றிருந்தது யாருடைய கண் என்ற வினா எஞ்சி நிற்கிறது. கத்தி அக்கண்ணைத் தொடவில்லை. ஜப்பானில் இழிவாக நடத்தப்பட்ட கொரியரோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கையில் ஆபேயின் நாயகனும் இவ்வினாவை நெருங்குகிறான். மறுபக்கத்திலேயே தன்னிரக்கத்துக்குத் திரும்பிவிடுகிறான்.

முகமூடிகள் பெருவாரியாக உற்பத்தியாகும் நாளையும் அவன் கற்பனை செய்கிறான்: அந்நியனும் இல்லை, உறவினனும் இல்லை, குற்றவாளியைப் பிடிக்க வழியுமில்லை. பிறர் இறப்பும் கொடிய மருந்தும் வேண்டாத முகங்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் காலம் வருமாயின், இப்பக்கங்கள் வேடிக்கையாகத் தோன்றா.

நூலில் குறைகளும் உள. குறிப்பேடுகளின் தருக்கம் அளவுமீறி நீள்கிறது. இடையில் நூலை மூடிவைக்கும் வாசகரைக் குறைகூற மனமில்லை. அணுகுண்டால் முகத்தின் ஒருபுறம் தழும்பேறிய இளம்பெண்ணின் கதை, நாயகன் கண்ட திரைப்படமாக இறுதியில் ஒட்டவைக்கப்பட்டுள்ளது. தெஷிகஹாரா அதனைத் தொடக்கமுதலே ஊடுபாவாக நெய்தது சிறந்த திருத்தம். தன் முகத்தை மறைக்க வழியில்லாத அப்பெண் முன்னாள் போர்வீரர்களுக்குப் பணிசெய்கிறாள்; மீண்டும் போர் வருமோ என்று கேட்கிறாள்; பின் கடலுக்குள் நடந்துபோகிறாள். நாயகனின் சொற்பெருக்கை விட இவளது மௌனம் கனமானது.

ஆனால் முடிவில் நூலே மேல். திரைப்படத்தில் அவன் முகமூடி செய்துதந்த மருத்துவரைக் குத்துகிறான். அதனால் பழி தொழில்நுட்பத்தின்மேல் எளிதாக இறங்கிவிடுகிறது. புதினத்தில் அத்தகைய மருத்துவர் இல்லை. மனைவி நீங்கிய பின்னும் அவன் மீண்டும் முகமூடியை அணிந்து, துப்பாக்கியோடு இருளில் பதுங்கி, நெருங்கிவரும் ஒரு பெண்ணின் காலடியோசைக்குச் செவிகொடுக்கிறான்.