துக்க வீட்டில் எந்தப் புத்தகம்?

சாவு விழுந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு மூட்டுவதில்லை. பங்காளிகளோ சம்பந்தி வீட்டாரோ அக்கம்பக்கத்தாரோ சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுவார்கள். வயிற்றுக்கு இப்படி ஓர் ஏற்பாடு செய்துவைத்த தமிழர்கள் மனத்துக்கு என்ன செய்துவைத்தார்கள்? ஒப்பாரி உண்டு. ஆனால் அது முதல் சில நாள்களுக்கு உரியது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் எல்லாம் ரயிலேறிப் போனபிறகு வருகிற மாதங்கள் இருக்கின்றனவே, அவைதாம் கடினம். நம்மைப்போல் ஊர்விட்டு வந்து ஐதராபாத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னும் கடினம். நூல்களுக்கு வேலை வருவது அந்த மாதங்களில்தான் என்பது என் கருத்து.

எந்த நூல் என்பதில்தான் வழக்கு. துக்கத்தில் இருப்பவருக்குத் தெம்பூட்டும் புத்தகம் கொடுக்க வேண்டும் என்பது பொதுவான எண்ணம். நம் பழைய இலக்கியமும் நல்ல புதிய இலக்கியமும் வேறு வழியில் போயிருக்கின்றன. அந்த வழியே சரியென்று காட்ட இக்கட்டுரையில் முயல்கிறேன்.

கையறுநிலை என்னும் துறை

துக்கத்தை ஓர் இலக்கியத் துறையாகவே வகுத்த மொழி நம்முடையது. மாண்டவரை நினைத்து எஞ்சியோர் வருந்துவதைக் கையறுநிலை என்று தொல்காப்பியம் காஞ்சித் திணையில் வைத்துச் சொல்கிறது. புறநானூற்றின் பழைய குறிப்புகளில் பொதுவியல் திணையின்கீழ் இத்துறை வருகிறது. பெயரையே கவனியுங்கள். செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கை ஓய்ந்துபோன நிலை. துக்கத்தின் இயல்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா, தெரியவில்லை.

இத்துறையில் பாரி மகளிர் பாடிய 112-ஆம் பாட்டை எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஐந்தே அடிகள். போன மாதத்து முழுநிலா நாளில் தங்களிடம் என்ன இருந்தது, இந்த மாதத்து முழுநிலா நாளில் என்ன இல்லை என்பதுதான் மொத்தச் செய்தி. அழுதோம் என்ற சொல் அதில் இல்லை. விதி, மறுமை என்ற பேச்சும் இல்லை. இழப்பை ஒரு மாதக் கணக்காக வைத்துவிட்டு அந்தப் பெண்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். துக்க வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். "போன தீபாவளிக்கு இருந்தாரே" என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதும் அதே கணக்குதான்.

ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய 242-ஆம் பாட்டு இன்னொரு வகை. அங்கே புலவர் முல்லைக் கொடியிடம் கேள்வி கேட்கிறார்: சூடிக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று நீ பூக்கிறாய்? வீட்டில் ஒருவர் போனபிறகு, மறுநாள் காலையில் பால்காரர் வழக்கம்போல் மணியடிப்பதைக் கேட்டுக் கோபம் வந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் நியாயம் புரியும். உலகம் நிற்காமல் நடப்பதே துக்கத்தில் பெரிய அவமதிப்பாகத் தோன்றும். அப்படித் தோன்றுவது பைத்தியக்காரத்தனம் இல்லை, நமக்கு முன்னும் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது என்று தெரியவருவதே பாதி ஆறுதல்.

ஆசிரியரை இழந்த மாணவர்

இந்தப் பாடல்களை அச்சேற்றியவரின் வாழ்க்கையிலேயே ஒரு மரணப் படுக்கை இருக்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876 பிப்ரவரி 1 அன்று காலமானார். அப்போது உ.வே. சாமிநாதையருக்கு வயது இருபதுதான். ஆசிரியரின் கடைசி நேரத்தில் திருவாசகத்தில் அடைக்கலப் பத்தைத் தாம் படித்ததை 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். உடனிருந்து பணிவிடை செய்தவர்களில் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவரும் ஒருவர்.

ஐயர் இதை எழுதும்போது எண்பது வயதைக் கடந்தவர். 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர் அது. அறுபது ஆண்டுக்கு மேலான பிறகும் அந்தப் பகுதியில் தத்துவ விளக்கம் ஏதும் தர அவர் முற்படுவதில்லை. யார் எங்கே இருந்தார், என்ன கேட்டார், என்ன படிக்கப்பட்டது என்று சொல்லிப் போகிறார். அதனால்தான் படிக்கிற நமக்கும் தொண்டை அடைக்கிறது. அந்த மாணவர் பின்னாளில் 1887-இல் சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். முல்லையைக் கேள்வி கேட்ட பாட்டு நம் கைக்கு வந்தது, கையற்று நின்ற ஒருவரின் உழைப்பால். ஐயரின் பதிப்பு வேலைக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. துக்கத்துக்குப் பிறகும் ஒரு மனிதரால் இத்தனை செய்ய முடிந்தது என்பது மட்டும் கண்கூடு.

செகந்திராபாத்துக்காரர் எழுதிய 'தண்ணீர்'

இக்காலத்துக்கு வருவோம். நம் நகரத்துக்கே உரிய எழுத்தாளர் ஒருவர் இருக்கிறார். அசோகமித்திரன் 1931-இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். தந்தை மறைந்தபின் 1952-இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். நாமெல்லாம் அங்கிருந்து இங்கே வந்தோம்; அவர் இங்கிருந்து அங்கே போனார். 2017-இல் காலமாகும்வரை இந்த ஊரை எழுதிக்கொண்டேயிருந்தார். 1948 நிகழ்ச்சிகளின் பின்னணியில் அமைந்த 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலை நம் சங்கத்து அன்பர்கள் பலர் படித்திருப்பார்கள். ஆனால் துக்க வீட்டுக்கு நான் சிபாரிசு செய்வது அதை அல்ல, 'தண்ணீர்' என்ற சிறிய நாவலை.

கதை சென்னையில் தண்ணீர்ப் பஞ்ச நாள்களில் நடக்கிறது. ஜமுனா என்ற பெண்ணை, சினிமா வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி பாஸ்கர் ராவ் என்பவன் பல ஆண்டுகள் பயன்படுத்திக்கொள்கிறான். தங்கை சாயா கோபித்துக்கொண்டு போய்விடுகிறாள். ஜமுனா சாவை நினைக்கும் நிலைக்கு வந்துவிடுகிறாள். அப்போது அவளிடம் வருபவர் அக்கம்பக்கத்து டீச்சரம்மா. அந்த அம்மாளிடம் மருந்து கிடையாது. நோயாளிக் கணவர், மாமியார், பள்ளிக்கூட வேலை, இத்தனைக்கும் நடுவில் தண்ணீர்க் குடம் என்ற தன் வாழ்க்கையைத்தான் அவரால் காட்ட முடிகிறது. ஜமுனா அதைப் பார்க்கிறாள். பிறகு அவளும் தெருவில் தண்ணீர் பிடிக்க நிற்கிறாள். கடைசியில் பாஸ்கர் ராவ் திரும்பி வரும்போது அவனோடு போக மறுக்கிறாள். பெரிய வெற்றி எதுவும் இல்லை. குழாயில் சாக்கடை கலந்த தண்ணீர் வருகிற தெரு அப்படியேதான் இருக்கிறது.

இந்த நாவலின் பலம் என்று நான் கருதுவது இதுதான்: நம்பிக்கை என்பதை ஆசிரியர் ஓர் உணர்ச்சியாகக் காட்டவில்லை, ஒரு வேலையாகக் காட்டுகிறார். குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போவதுதான் அந்த வேலை. ஜீடிமெட்லா தொழிற்பேட்டையை ஒட்டிய குடியிருப்புகளில் டேங்கர் லாரிக்காகப் பிளாஸ்டிக் குடங்களோடு காத்திருந்த கோடைகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லாரி வரும் நேரத்தில் யாரும் துக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது.

என் சொந்த அனுபவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் என் மனைவி காலமானாள். ஊரிலிருந்து யாரும் வர முடியவில்லை, ஊரடங்கு. சாப்பாடு கொண்டுவரக்கூட ஒருவரும் கதவைத் தட்ட முடியாத நேரம். போனில் எல்லாரும் "மனசைத் தேத்திக்கோங்க" என்றார்கள். அன்பால் சொன்னார்கள். ஆனால் எப்படித் தேற்றிக்கொள்வது என்று யாருக்குத் தெரியும்? இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இரவு தூக்கம் வராமல் இருவரும் உட்கார்ந்திருந்தபோது, நான் 'தண்ணீரை' உரக்கப் படித்துக் காட்டினேன். ஏழெட்டு நாளில் முடிந்தது. டீச்சரம்மா வீட்டுப் பகுதி முடிந்ததும் அவள் கேட்டாள்: "ஏம்ப்பா, இந்தம்மா அவளுக்கு ஆறுதலே சொல்லலையே?" நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அம்மா துணியெல்லாம் இன்னும் அப்படியே கிடக்கு, நாளைக்கு மடிச்சு வைக்கணும்" என்றாள். மறுநாள் மடித்து வைத்தோம்.

எதிர்வாதம்

துக்கத்தில் இருப்பவரிடம் துக்கக் கதையைக் கொடுப்பதா, வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது அல்லவா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. திருவள்ளுவரே 63-ஆம் அதிகாரத்தை இடுக்கண் அழியாமைக்கு ஒதுக்கியிருக்கிறாரே, அதை எடுத்துக் கொடுத்தால் என்ன என்பார்கள்.

அந்த அதிகாரத்தின் பெருமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் துன்பம் வரும்போது நகைக்கச் சொல்லும் குறளை நேற்று கொள்ளி வைத்தவரிடம் நீட்டுவது முறையாகாது. அந்த அதிகாரம் பொருட்பாலில், அரசியலில் இருக்கிறது. செயலாற்ற வேண்டியவன் இடையூறு கண்டு தளரக்கூடாது என்பதே அங்கே பேச்சு. தொழிலில் நட்டப்பட்டவருக்கும் வேலை போனவருக்கும் அது நல்ல துணை. பிள்ளையைப் பறிகொடுத்தவர் நிலை வேறு. இக்காலத்துத் தன்னம்பிக்கை நூல்களுக்கும் இதே அளவுகோல்தான். அவை எழுந்து நிற்பவருக்கு உதவும். உட்கார்ந்திருப்பவருக்கு, பக்கத்தில் வந்து உட்காரும் புத்தகம் வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பாட்டு உண்டு. புறநானூறு 194, பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாவு மேளம், இன்னொரு வீட்டில் கல்யாண மேளம் என்று தொடங்கி, இப்படிப் படைத்தவன் பண்பற்றவன் என்றே குற்றம் சாட்டுகிறார். அதன்பிறகுதான், உலகத்தின் தன்மையை உணர்ந்தவர் இதில் உள்ள நல்லதைக் காணட்டும் என்று முடிக்கிறார். முதலில் குற்றச்சாட்டு, பிறகு அறிவுரை. இந்த வரிசை முக்கியம். நம் ஆறுதல் வார்த்தைகள் பெரும்பாலும் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதிக்குத் தாவிவிடுகின்றன. அதனால்தான் அவை ஒட்டுவதில்லை.

நம் பிள்ளைகளுக்கு

நம் பிள்ளைகள் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் படித்து நல்ல நிலையில் இருக்கிறார்கள். மகிழ்ச்சி. அந்த மொழிகளிலும் துக்கத்துக்கு நல்ல நூல்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வேலை எந்த மொழியில் பார்த்தாலும், அழுகை வரும்போது வீட்டில் பேசும் மொழிதான் வருகிறது. அந்த மொழியில் இரண்டாயிரம் ஆண்டுத் துணை இருக்கிறது என்பது தெரியாமல் ஒருவர் தனியாக உட்கார்ந்திருப்பது பரிதாபம் அல்லவா?

எழுத்துக் கற்றுக்கொடுக்க முடிந்தவர்கள் கற்றுக்கொடுங்கள். முடியாதவர்கள் படித்துக் காட்டுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் போனில் பேசிப் பதிவுசெய்து அனுப்புங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் போதும். அடுத்த முறை நம் அன்பர் வீட்டில் துக்கம் என்றால், சாப்பாட்டுத் தூக்கோடு பையில் ஒரு மெல்லிய புத்தகமும் போகட்டும். அன்றைக்கே யாரும் பிரிக்க மாட்டார்கள். அலமாரியில் இருக்கும். எல்லாரும் போனபிறகு கைக்கு அகப்படும்.