புள்ளடி மன்னிப்பு அல்ல

2010 ஜனவரி 26ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்தால், இன்றும் இரண்டு வசனங்கள்தான் காதில் விழுகின்றன. "குறைந்த தீமையைத் தெரிவு செய்தோம்" என்பது ஒன்று. "எங்களைக் கொன்ற இராணுவத்தின் தளபதிக்கே வாக்குப் போட்ட மானங்கெட்ட சனம்" என்பது மற்றது. இரண்டுமே அந்தத் தேர்தலில் பெண்கள் எதிர்கொண்ட கேள்வியைத் தொடாமல் கடந்துபோகின்றன என்பதே என் வாதம்.

முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு பக்கம் முப்படைகளின் தலைவராக இருந்து போரை நடத்திய மகிந்த ராஜபக்ச, வெற்றிலைச் சின்னத்தில். மறுபக்கம் 2005 டிசம்பரிலிருந்து 2009 ஜூலை வரை இராணுவத் தளபதியாக இருந்து அந்தப் போரைக் களத்தில் நடத்திய சரத் பொன்சேகா, அன்னச் சின்னத்தில். இந்த நாடு சிங்களவருக்கே உரியது, மற்றவர்கள் சேர்ந்து வாழலாம், ஆனால் அளவுக்கு மீறிக் கேட்கக்கூடாது என்ற பொருளில் 2008இல் கனடியப் பத்திரிகை ஒன்றுக்குச் சொன்னவர் அவர். அதற்கும் முன்னர், சமாதானப் பேச்சுக் காலத்தில் யாழ்ப்பாணத்தின் கட்டளைத் தளபதியாக இருந்தபோது, உயர் பாதுகாப்பு வலயங்களைக் குறைக்க முடியாது என்று நின்றவரும் அவரே. வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த பெண்களுக்கு அது மறக்கக்கூடிய விடயமல்ல. 2010 ஜனவரியில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவருக்கு வாக்களிக்கச் சொன்னது.

அந்த மாதம் யாழ்ப்பாணத்தில் பெண்கள் கூடிய இடங்களில் இதைத்தான் பேசினோம். "கட்டளை குடுத்தவருக்கு எதிரா, கட்டளையைச் செய்து முடிச்சவருக்குப் போடச் சொல்லுறியளோ?" என்று ஓர் அக்கா கேட்டார். இன்னொருவர், "ரெண்டு பேரும் தங்களுக்குள்ள அடிபட்டால்தான் நடந்தது கொஞ்சமாவது வெளியில வரும்" என்றார். அது வெறும் ஊகமல்ல. வெள்ளைக்கொடியோடு சரணடைந்தவர்களைக் கொல்லும்படி மேலிருந்து உத்தரவு போனதாகப் பொன்சேகா கூறியதை 2009 டிசம்பரில் ஒரு கொழும்பு ஞாயிறு இதழ் வெளியிட்டிருந்தது. சரணடைந்த மகன் எந்தத் தடுப்பு முகாமில் இருக்கிறான் என்றே தெரியாத ஒரு தாய் கேட்டது வேறு: "ஆர் வந்தால் என்ர பிள்ளையைக் காட்டுவினம்?"

இந்தக் கேள்விக்கு எந்த மேடையிலிருந்தும் பதில் வரவில்லை. "மகிந்தவை அகற்ற வேண்டும்" என்பதே வந்த பதில். மகிந்தவை அகற்ற நியாயம் இருந்தது. நானும் அன்னத்துக்குத்தான் புள்ளடி இட்டேன். ஆனால் "குறைந்த தீமை" என்று சொல்லத் தராசு வேண்டும். அந்தத் தராசு யார் கையில் இருந்தது? முடிவெடுத்த கட்சிக் கூட்டங்களில் இருந்த பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தடுப்பில் உள்ள பிள்ளை, முகாமில் ஆண் துணையின்றி வாழும் பெண், இராணுவம் குடியிருக்கும் காணி ஆகியவற்றை எந்த எடைக்கு வைத்தார்கள் என்று எவரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. வடக்குக்கு எதையாவது கொடுப்பேன் என்று உரத்துச் சொன்னால் தெற்கில் வாக்கு இழக்கும் என்பதால், எங்களுக்கான வாக்குறுதி எப்போதும் மூடிய அறைக்குள்தான் இருக்க வேண்டியிருக்கிறது. மூடிய அறைக்குள் கொடுத்த வாக்கை மீறினால் கேட்பதற்குச் சாட்சி இல்லை. இது பெண்களுக்குப் புதிதல்ல. குடும்பத்துக்குள் நடந்ததைக் குடும்பத்துக்குள்ளேயே முடி என்று எங்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையின் அரசியல் வடிவம்தான் இது.

மானத்தைப் பேசுகிறவர்களின் பக்கமும் சுத்தமில்லை. 2005இல் வாக்களிக்காதே என்றார்கள். யாழ் மாவட்டத்தில் ஏறக்குறைய 1.2 வீதமானவர்களே வாக்களித்தார்கள். மகிந்த நாடு முழுவதிலும் ஒரு இலட்சத்து எண்பதாயிரம் அளவிலான வாக்குகளால் வென்றார். அந்தப் புறக்கணிப்பை யாரும் பெண்களிடம் கேட்டு முடிவெடுக்கவில்லை. துவக்கு முடிவெடுத்தது. 2005இல் "போடாதே" என்பதும் 2010இல் "போடு" என்பதும் கட்டளைகளே. இரண்டிலும் தமிழ்ப் பெண், இனத்தின் தொகையைக் கூட்டிக் காட்டும் ஒரு இலக்கம் மட்டுமே.

2010இன் இலக்கத்தையும் சரியாக வாசிப்போம். யாழ் மாவட்டத்தில் பொன்சேகாவுக்கு ஏறக்குறைய 64 வீதம் கிடைத்தது. ஆனால் வாக்களித்தவர்கள் பதிவானவர்களில் ஏறக்குறைய 26 வீதம்தான். அதாவது வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்த ஆறு பேரில் ஒருவர் அளவில்தான் அவருக்குப் புள்ளடி இட்டார். மற்றவர்களில் புலம்பெயர்ந்தோரும் இறந்தோரும் உண்டு. அடையாள அட்டையைப் போரில் தொலைத்தவர்கள் உண்டு. முகாமிலிருந்து வாக்குச்சாவடிக்குப் போகப் பேருந்து கிடைக்காதவர்கள் உண்டு. இருவருக்கும் போடமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்தவர்களும் உண்டு. இத்தனையையும் ஒன்றாக்கி "தமிழர் பொன்சேகாவை ஏற்றார்கள்" என்று எழுதுவது சோம்பேறி வாசிப்பு.

அப்படியானால் ஒரு பெண் வேட்பாளர் நின்றிருந்தால்? அதையும் நாங்கள் பார்த்தவர்கள். 1994இல் சமாதானம் பேசி, 62 வீத வாக்குகளோடு வந்தவர் சந்திரிகா குமாரதுங்க. தமிழ்ப் பெண்களும் நம்பிக்கையோடு வாக்களித்தார்கள். 1996 செப்டம்பரில், அவருடைய ஆட்சியில்தான், சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி செம்மணிச் சோதனைச்சாவடியில் தடுக்கப்பட்டு, வன்புணரப்பட்டு, கொல்லப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. 1998இல் இராணுவத்தினருக்குத் தண்டனை கிடைத்தது, இந்த நாட்டில் அபூர்வமாக. அதை எங்கள் வாக்கு பெற்றுத் தரவில்லை. பெண்கள் அமைப்புகளும் சட்டத்தரணிகளும் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களும் விடாமல் கேட்டதே பெற்றுத் தந்தது.

இங்கேதான் நான் வந்து சேர விரும்பும் இடம் இருக்கிறது. வாக்கு என்பது மன்னிப்பு அல்ல, நற்சான்றிதழும் அல்ல. அன்னத்துக்குப் புள்ளடி இட்ட பெண், பொன்சேகாவின் படைகள் செய்ததை ஏற்றுக்கொள்ளவில்லை. அவரை ஒரு கதவு திறக்கும் கருவியாகப் பார்த்தாள். பிழை அவளிடம் இல்லை. வாக்கைக் கேட்டுப் பெற்றுவிட்டு, அதற்குப் பிறகு அவள் பேச ஒன்றும் இல்லை என்று நினைக்கும் அரசியலிடம்தான் இருக்கிறது.

கதவு திறக்கவில்லை. மகிந்த ஏறக்குறைய 58 வீதத்தோடு வென்றார். இரண்டு வாரத்துக்குள் பொன்சேகா கைதானார். வெள்ளைக்கொடிப் பேட்டிக்காகவே 2011 நவம்பரில் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சொன்னவர் தண்டிக்கப்பட்டார், சொல்லப்பட்டது விசாரிக்கப்படவில்லை. 2015இல் மீண்டும் கேட்டார்கள். மைத்திரிபால சிறிசேன போரின் இறுதி நாட்களில் பதில் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் என்பது தெரிந்தும் போட்டோம். அந்த அரசுதான் பொன்சேகாவுக்கு பீல்ட் மார்ஷல் பட்டம் கொடுத்தது.

ஆனால் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் தெருவோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களில் பலர் அந்த அரசுக்கு வாக்களித்தவர்கள். நாங்கள் கொண்டுவந்த அரசைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று அவர்கள் நினைக்கவில்லை. போட்ட வாக்கையே காரணமாகக் காட்டிக் கேட்டார்கள். வாக்களிப்பதா புறக்கணிப்பதா என்று எங்கள் ஆண்கள் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியதைவிட, அந்தப் பந்தலில் தெளிவான அரசியல் இருந்தது.

2024 ஜனாதிபதித் தேர்தலில் 39 பேரின் வேட்புமனு ஏற்கப்பட்டது. ஒருவர்கூடப் பெண் இல்லை. பொன்சேகாவும் அந்தப் பட்டியலில் இருந்தார். அடுத்த தேர்தலிலும் யாராவது வந்து ஒருவரைக் காட்டி, இவரே குறைந்த தீமை என்பார்கள். யாருக்கு என்று தலையைக் குழப்பிக்கொள்வதற்கு முன்னர் அவர்களிடம் கேட்கவேண்டியது இதுதான்: தடுப்பில் உள்ளவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்கள், காணி பற்றி உங்கள் வேட்பாளர் என்ன சொன்னார்? அதைத் தெற்கின் மேடையில் சிங்களத்தில் சொன்னாரா? சொல்லவில்லையென்றால், போடுவதும் போடாததும் எங்கள் முடிவு. போட்டாலும் அடுத்த நாளே அவருக்கு எதிராகத் தெருவில் நிற்போம், எங்கள் வாக்கு எங்கள் வாயைக் கட்டாது என்பதையும் அப்போதே சொல்லி வைப்போம்.