பனிமரத்தில் ஒரு தாய்: செகந்தீனியை எப்படிப் பார்ப்பது?

வியன்னாவின் பெல்வெடியர் அருங்காட்சியகத்தில் ஜொவான்னி செகந்தீனி 1894இல் தீட்டிய ஓர் ஓவியம் இருக்கிறது. பெயர் ‘தீய தாய்மார்கள்’. அந்தப் பெயரை முதலில் ஒதுக்கி வையுங்கள். அதைப் படித்துவிட்டுப் பார்த்தால் கண் குற்றவாளியைத்தான் தேடும், ஓவியத்தைப் பார்க்காது.

மரத்திலிருந்து தொடங்குங்கள். ஆல்ப்ஸ் மலையடிவாரப் பனிவெளியில் இலையில்லாத, முறுக்கேறிய ஒற்றை மரம். அதன் கிளைகளில் ஒரு பெண்ணின் செந்நிறக் கூந்தல் சிக்கியிருக்கிறது. அவள் உடல் பின்னோக்கி வளைகிறது. அந்த வளைவைக் கண்ணால் மெதுவாகத் தொடருங்கள்: கிளை எந்தப் போக்கில் வளைகிறதோ அதே போக்கில்தான் அவளும் வளைகிறாள். மரம் எங்கே முடிகிறது, பெண் எங்கே தொடங்குகிறாள் என்பது குழம்ப வேண்டும். குழம்பிய பிறகு அவள் மார்பைப் பாருங்கள். கிளையிலிருந்து முளைத்த ஒரு குழந்தையின் தலை அங்கே பால் குடிக்கிறது. அவசரமாகப் பார்ப்பவர்கள் இதைத் தவறவிட்டுவிடுவார்கள்.

அடுத்து தூரத்துக்குப் போங்கள். பனிவெளியின் கோடியில் சின்னஞ்சிறு பெண் உருவங்கள் தெரியும். ஒரே கதையின் வெவ்வேறு கட்டங்களை ஒரே நிலப்பரப்பில் வைத்திருக்கிறார் ஓவியர். கதை, லூயிஜி இல்லிக்காவின் ‘நிர்வாணா’ என்ற கவிதையிலிருந்து வந்தது. இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனியின் இசைநாடகங்களுக்கு வசனப்பாடல் எழுதிய அதே இல்லிக்காதான். தாய்மையை மறுத்த பெண்கள் பனியில் அலைகிறார்கள். கைவிடப்பட்ட குழந்தை அழைக்கிறது. அதற்குப் பாலூட்டும்போது மீட்சி கிடைக்கிறது. இந்திய மூலம் ஒன்றிலிருந்து எடுத்ததாக இல்லிக்கா சொல்லிக்கொண்டார். அது அவருடைய கற்பனை என்பதே ஆய்வாளர்கள் கருத்து.

பிள்ளை வேண்டாம் என்ற பெண்ணுக்குத் தண்டனை என்னும் கருத்தை என்னால் ஏற்க முடியாது. ஆனால் செகந்தீனியின் கை அந்தக் கருத்தோடு நிற்கவில்லை. ஏழு வயதில் தாயை இழந்து, மிலானில் யாருமற்றவராக வளர்ந்தவர் அவர். மரத்தில் சிக்கிய பெண்ணின் முகத்தில் அவர் வரைந்திருப்பது வேதனையா, நிம்மதியா? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தீர்ப்பு வழங்குகிற ஓவியர் அந்த முகத்தை இவ்வளவு பரிவோடு வரைந்திருக்க மாட்டார்.

இனி நெருங்குங்கள். நேரில் போக முடியாதவர்கள் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கலாம். பனி வெள்ளை நிறத்தில் இல்லை. நீலம், ஊதா, மஞ்சள், பழுப்பு என மெல்லிய நீண்ட கோடுகள் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. வண்ணத்தைத் தட்டில் குழைக்காமல் தனித்தனியாகத் தீட்டி, பார்ப்பவர் கண்ணிலேயே கலக்கவிடும் முறை இது. இத்தாலியில் ‘டிவிஷனிசம்’ என்றார்கள். உயரமான மலைகளின் தெளிந்த வெளிச்சத்தைப் பிடிக்கவே செகந்தீனி இந்த முறையைத் தன் போக்கில் வளர்த்தெடுத்தார். பின்னால் நகர்ந்தால் கோடுகள் மறைந்து மலைமேல் அந்தி ஒளி எழும். முன்னும் பின்னும் சில முறை நகர்ந்து பார்க்காதவர் இந்த ஓவியத்தில் பாதியைத்தான் பார்த்திருப்பார்.

அதே 1894இல் தீட்டிய ‘வாழ்வின் தேவதை’ மிலானின் நவீன ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அங்கும் இலையற்ற மரம், அங்கும் ஒரு பெண், ஒரு குழந்தை. ஆனால் கிளைகள் அவளைப் பிடித்து வைக்கவில்லை, தொட்டிலாகத் தாங்குகின்றன. பிள்ளை மார்பில் தூங்குகிறது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, கிளைகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

பிறகு சற்றுப் பின்னோக்கி, 1889இன் ‘இரு தாய்மார்கள்’ ஓவியத்துக்குப் போங்கள். இருட்டுத் தொழுவம், விளக்கொளி, பசுவும் கன்றும், அருகே மடியில் குழந்தையோடு கண்ணயர்ந்த பெண். குறியீடு எதுவும் துருத்தவில்லை. கிளையில் பிள்ளை முளைக்கும் கற்பனைக்கு வேர் அந்தத் தொழுவத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.