படம் காட்டுவதும் விரல் காட்டுவதும்

கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் என்று திசுச் சோதனையில் தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதே. கட்டி சிறியதாய்க் கழுத்தளவில் நின்றிருந்தால் அறுவை செய்து அகற்றலாம். இரு பக்கத்துத் திசுவிலும் நுழைந்துவிட்டால் பெரும்பாலும் கதிர்வீச்சும் மருந்துமே வழி. கணக்குத் தவறினால்? அகற்றிய உறுப்பைச் சோதிக்கும்போது பரவல் தெரியவரும். அறுவைக்குமேல் கதிர்வீச்சும் தரவேண்டும். இரண்டின் தொல்லைகளையும் அந்தப் பெண் ஒருத்தியே சுமப்பாள்.

நோயின் நிலைகளை வகுப்பது 'ஃபிகோ' என்னும் பன்னாட்டு மகளிர், மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு. அதன் பழைய விதியைக் கேட்டால் நீங்கள் வியப்பீர்கள். விரலால் தொட்டுப் பார்த்தும், மார்பு எக்ஸ்ரே, சிறுநீர்ப் பாதை எக்ஸ்ரே போன்ற எளிய சோதனைகளாலும் நிலையைக் குறிக்க வேண்டும், சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள் எதைக் காட்டினாலும் அதற்காக நிலையை மாற்றலாகாது! பிடிவாதம் என்று நகைக்காதீர்கள். இந்நோய் வறிய நாடுகளில்தான் மிகுதி. ஸ்கேன் கருவிகள் குறைவாக இருப்பதும் அங்கேதான். எல்லா ஊருக்கும் ஒரே அளவுகோல் வேண்டுமென்று எண்ணினார்கள். 2018-இல் விதி மாறியது. படத்தையும் கணக்கில் கொள்ளலாம் என்றாயிற்று.

மாற்றம் நல்லதுதான். ஆனால் 'படம் பொய் சொல்லாது' என்பவர்களுக்கு ஓர் ஆய்வை நினைவூட்ட வேண்டும். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் கூடிச் செய்த அதன் முடிவு 2005-இல் வெளிவந்தது. கழுத்தைத் தாண்டி நோய் பரவியிருந்த 100 பேரில் விரல் சோதனை கண்டது 29 பேரை, சி.டி. 42, எம்.ஆர்.ஐ. 53. பரவாதவர்களைச் சரியாகச் சொன்னதிலோ வரிசை தலைகீழ்: விரல் 99, சி.டி. 82, எம்.ஆர்.ஐ. ஏறத்தாழ 75. ஆய்வில் சேர்ந்தவர்கள் அறுவைக்கு ஏற்றவர்கள் என்று விரல் சோதனையே முதலில் பொறுக்கியவர்கள் என்பதையும் மறவாதீர்கள். இன்றைய கருவிகள் அவற்றினும் மேலானவை. கட்டியின் அளவை அறிய எம்.ஆர்.ஐ. மிகவும் உதவும். எனினும் நிணநீர்க் கணுவில் ஒளிந்திருக்கும் நுண்ணிய புற்றுத் துகள் எந்தப் படத்திலும் சிக்குவதில்லை. வெறும் அழற்சியால் வீங்கிய கணுவோ புற்றுபோல் மிரட்டும்.

என் குறை புதிய விதியின் மற்றோர் இடத்தில். கட்டி எவ்வளவு சிறியதாயினும், இடுப்புக் கணுவில் நோய் இருப்பதாகப் படம் காட்டினால் அது மூன்றாம் 'சி' நிலை. ஸ்கேன் இல்லாத ஊரில் அதே பெண் முதல் நிலை. இப்போது ஒரு வேடிக்கை நடக்கும். ஸ்கேன் உள்ள நகரம் தன் முதல் நிலைப் பட்டியலிலிருந்து மோசமானவர்களை நீக்கிவிடுகிறது. அங்கே பிழைப்பவர் விகிதம் உயரும். அவர்கள் போய்ச் சேரும் மூன்றாம் நிலையிலோ, ஏற்கெனவே இருந்தவர்களைவிட இவர்கள் நோய் முற்றாதவர்கள். அங்கும் விகிதம் உயரும். ஒரு பெண்கூடக் கூடுதலாகப் பிழைக்காமலே இரு பட்டியல்களும் மினுங்கும்!

இதை உணர்ந்துதான், படத்தால் கண்டால் 'ஆர்' என்றும், திசு ஆய்வால் கண்டால் 'பி' என்றும் மூன்றாம் 'சி' நிலையோடு ஓர் எழுத்தைச் சேர்க்கச் சொன்னார்கள். அவ்வெழுத்து நோய் காணப்பட்டவருக்கு மட்டுமே. முதல் நிலை என்று எழுதப்பட்டவரைப் படம் பிடித்துப் பார்த்தார்களா, பார்க்கவே இல்லையா என்பதை அந்த நிலைப் பெயர் சொல்லாது. சொல்ல வேண்டிய இடம் அதுவல்லவா?